ஒன்றை விட்டுப் பார்த்தவள்

சின்னம்மா வைக்கிற ரசத்தில் எப்போதும் ஒரு சாமான் குறையும். ஒரு நாள் மிளகு இருக்காது. ஒரு நாள் பெருங்காயம் இருக்காது. ஒரு நாள் எல்லாம் இருக்கும், கறிவேப்பிலை மட்டும் இருக்காது. மறந்துவிட்டாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். மறதி இல்லை. வேண்டுமென்றே விடுவாள். விட்டுவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாப்பிடுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் சுளித்தால் அந்தச் சாமானுக்கு வேலை இருக்கிறது. சுளிக்காமல் இன்னொரு கரண்டி கேட்டால், அந்தச் சாமான் சும்மா நிற்கிறது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஆசைப்பட்டுச் சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயந்துகொண்டு சேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் சேர்த்தார்கள் என்று தானும் சேர்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கென்றே பிறந்தவளாக நான் கண்டது அவள் ஒருத்தியைத்தான்.

அவள் திருக்கோவிலூர்ப் பெண். எங்கள் கம்பெனி வீட்டுக்கு மருமகளாக வந்தவள். எங்கள் கம்பெனி என்று நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். முதலாளி அவர்கள், கூலிக்காரி நான். ஆனாலும் அங்கே விளைந்த பச்சைக் கல்லை உடையாமல் உரித்தெடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலைக்குப் போகிற ரோட்டில் அந்தக் கம்பெனி இருந்தது. ஊர் வாயில் அதற்குப் பேர் மை கம்பெனி. சின்னம்மாவுடைய மாமனாருக்கு அப்பா ஆரம்பித்தது. கல்வராயன் மலைக் கடுக்காயை வாங்கித் தோல் பதனிடுகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தவர், அந்தக் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்கிற பச்சைக் கல் உப்பு விழுந்தால் அட்டைக் கறுப்பாக ஆகிறது என்று கண்டுபிடித்து, பள்ளிக்கூடங்களுக்கு மைப்பொடி செய்து விற்க ஆரம்பித்தார். அன்னபேதியை வெளியூரிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதையும் தானே காய்ச்சத் தொடங்கினார். மை கொஞ்சம், தோல்காரர்களுக்குக் கொஞ்சம், பயிர் வெளுத்துப் போனால் தெளிக்கக் குடியானவர்களுக்குக் கொஞ்சம் என்று பிழைப்பு பெருகியது. வெள்ளைக்காரன் போன பிறகு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்தார்கள் பாருங்கள், அப்போது மைப்பொடிக்கு வந்தது யோகம். நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த நாளில்தான்.

அன்னபேதி காய்ச்சுவது பார்க்க வேண்டிய வேலை. உள்ளே ஈயத் தகடு அடித்த பெரிய மரத்தொட்டிகள். தேய்ந்த லாடம், துருப்பிடித்த ஆணி, உடைந்த வண்டிப் பட்டை எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டித் தண்ணீர் கலந்த திராவகத்தை ஊற்றினால் சோறு பொங்குவது போல நுரைத்துக்கொண்டு இரும்பு கரையும். ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டு, தெளிந்ததை இறுத்து வேறு தொட்டியில் ஆறவிட வேண்டும். அதில் ஈயப் பட்டைகளைத் தொங்கவிட்டிருப்போம். ஆற ஆற, பட்டை முழுக்கக் கற்கண்டு பிடித்தது போலப் பச்சைக் கல் பிடிக்கும். காலை வெயிலில் அதைத் தூக்கிப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. இத்தனை அழகு பழைய லாடத்துக்குள் எங்கே இருந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மை கலக்குகிற பக்குவமும் அன்னபேதி காய்ச்சுகிற பக்குவமும் மருமகளுக்குத்தான் சொல்லப்படும். மகனுக்குச் சொன்னால், சந்தையில் நாலு பேர் புகழ்ந்ததும் கக்கிவிடுவான். மகளுக்குச் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மருமகள் எங்கே போகப் போகிறாள், அவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படித்தான் பெரியம்மாவுக்கு அவர் மாமியார் சொன்னார். பெரியம்மா என்றால் சின்னம்மாவுடைய மாமியார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவருடைய பெண்சாதி பிரசவத்தில் போய்விட்டாள். அவர் மறுபடி கட்டவில்லை. சின்னவருக்கு வந்தவள்தான் இவள். ஆகப் பக்குவம் இறங்க வேண்டியது இவள் ஒருத்தியிடம்தான்.

கல்யாணம் ஆன வாரமே பெரியம்மா இவளைக் கலவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, கற்பூரத்தில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தாராம். கடுக்காய்ப் பொடி, அன்னபேதி, கருவேலம் பிசின், கிராம்பு, படிகாரம், வசம்புக் கரி, வேப்பிலைப் பொடி, ஒரு சிட்டிகை திருநீறு, கடுக்காய் மரத்தடியிலிருந்து கொண்டுவந்து சலித்த மலை மண் ஒரு பிடி. இன்றைக்கு இதை நான் சொல்வதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்த மையைத் தொட்டு எழுதுகிறவர்களே இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவள், "மண்ணு எதுக்கு அத்த?" என்றாளாம்.

"எங்க மாமியாரு போடச் சொன்னாங்க."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"அவங்க வூட்டுக்காரரு சொல்லியிருப்பாரு. கேள்வி கேக்கற எடமா இது? கைய நீட்டு, அள்ளு."

அள்ளினாள். அள்ளும்போதே அவளுக்கு, அதை விட்டுப் பார்க்க வேண்டும் என்கிற அரிப்பு எடுத்துவிட்டது.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. அவளுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. வீட்டில் சொல்ல முடியாது. அதனால் உரித்த கல்லைக் கலவை அறை வாசலில் கொண்டுபோய் வைக்கிற என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தரம் கலக்கும்போது திருநீற்றை விட்டுவிடுவாள். அந்தப் பொடியைக் கரைத்து, தொட்டெழுதுகிற பேனாவை என் கையில் கொடுத்து, எழுது என்பாள். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எனக்கு எழுதத் தெரிந்தது என் பேர்தான். அதை எழுதுவேன். காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பார்ப்பாள், தண்ணீர் தெளித்துப் பார்ப்பாள், வெயிலில் வைத்துப் பார்ப்பாள்.

"திருநீறு சும்மா நிக்குதுடி" என்பாள் ரகசியமாக.

"அய்யோ, சாமி குத்தம் சின்னம்மா."

"சாமிக்கு நெத்தியில வெக்கறேன். மைக்கு எதுக்கு?"

பிசினை விட்டபோது எழுத்து காகிதத்தில் ஊறி என் பேர் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது. பிசினுக்கு வேலை இருக்கிறது. வேப்பிலை சும்மா. வசம்புக் கரி சும்மா. படிகாரத்துக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. கிராம்பை விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பொடியும் விலைக்குப் போயிற்று. மழைக்காலம் வந்ததும் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மைப்புட்டி திரும்பி வந்தது. மேலே பால் ஆடை மாதிரி பூசணம்.

பெரியவர் அந்தப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று எங்களையெல்லாம் வரிசையாகத் திட்டினார். "அழுக்குக் கையோட பொடியத் தொட்டது யாரு? சொல்லப் போறீங்களா, இல்ல எல்லாரும் நாளையிலேர்ந்து கரும்பு வெட்டப் போறீங்களா?"

சின்னம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பெற்றவள் மாதிரி இருந்தது. "கிராம்புக்கு வேல இருக்குதுடி! பூசணம் வராம நிறுத்தறது அதுதான்!"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்குது. அவரு எங்க வயித்துல அடிக்கறாரு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேரே பெரியம்மாவிடம் போய், "அத்த, நான்தான் கிராம்பு போடல. மறந்து பூட்டேன்" என்றாள்.

மறந்து பூட்டேன். அந்த வார்த்தைதான் அவளுக்குக் குடை. ரசத்துக்கும் அதுதான், மைக்கும் அதுதான். பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வார். பெரியவர், "உம் மருமவ மறதிக்கு ஒரு கோயிலு கட்டலாம்மா. அதுக்குப் பூச வெக்கறதயும் அவ மறந்துடுவா" என்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். குனிந்த முகத்தில் சிரிப்பு இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

அவள் சாமானோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் கோலத்தில் ஒரு புள்ளியை விட்டாள். கோடு எங்கே போய் இடிக்கிறது என்று பார்க்க. ஒரு நாள் ஒரு கால் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள்; வீட்டில் முதலில் யார் கண்ணில் படுகிறது என்று பார்க்க. பெரியம்மா கண்ணில்தான் பட்டது. சின்னவர் கண்ணில் படவே இல்லை. அதைப் பற்றி அவள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

நான் விளையாட்டாக, "தாலியயும் ஒரு நாளு வுட்டுப் பாப்பீங்களா?" என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கல்லைத் தட்டில் பரப்பிக்கொண்டே, "அத வுட்டா எது மாறுதுன்னு எனக்குத் தெரியாது. மத்தவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளிடம் அந்த மாதிரி விளையாடுவதில்லை.

தை பிறந்தால் கடுக்காய் வாங்க மலைக்குப் போவார்கள். அடிவாரம் வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் நடை. வெள்ளிமலைப் பக்கம் மலைக்குடிகள் சாமை, தினை அறுத்து முடித்துக் கடுக்காயைப் பொறுக்கிக் காயவைத்திருப்பார்கள். விலை ஒரு பக்கம் இருக்க, கம்பெனி வீட்டார் போகும்போது வீட்டுக்கு ஒரு படி உப்பு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அது விலையில் சேராது. அந்த வருஷம் பெரியவர், "காயிக்குத்தான் காசு கொடுக்கறமே, உப்பு எதுக்குத் தெண்டத்துக்கு?" என்றார். பெரியம்மா அப்படிச் செய்ய வேண்டாம் என்பதற்குள் சின்னம்மா முந்திக்கொண்டு, "ஒரு வருசம் வுட்டுத்தான் பாப்பமே அத்த" என்றாள். பெரியவருக்கு ஆச்சரியம். அவர் சொன்னதற்கு இவள் ஒத்து ஊதியது அந்த ஒரு தரம்தான்.

சுமை தூக்க நானும் போயிருந்தேன். மலைப் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. முகம் கோணவில்லை. களி கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், பேசியபடி அளந்து கொட்டினார்கள். இறங்கி வந்து கம்பெனியில் மூட்டையைப் பிரித்தால் பாதிக் காயில் ஓட்டை. வண்டு குடைந்தது, பிஞ்சில் விழுந்தது, உள்ளே ஒன்றுமில்லாத சொத்தை.

பெரியவர் தையத்தக்கா என்று குதித்தார். சின்னம்மா ஒரு சொத்தைக் காயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வருசா வருசம் அவங்க உக்காந்து பொறுக்கி எடுத்துக் குடுத்துக்கினு இருந்திருக்காங்கடி. யாரும் கேக்காமயே. அது உப்புக்குன்னு இத்தினி நாளா நமக்குத் தெரியல."

மறு வருஷம் உப்பு போயிற்று. வீட்டுக்கு இரண்டு படியாக. ஒரு மலைக்காரக் கிழவி சின்னம்மாவின் தாடையைப் பிடித்து, "போன வருசம் உப்புக்குப் பஞ்சமா கண்ணு கீழ?" என்று கேட்டாள். இவள், "ஆமா, புத்திக்குப் பஞ்சம்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தத் தடவை வந்த மூட்டையில் தேடினாலும் சொத்தை இல்லை.

இனி அந்தக் காலை நேரத்தைச் சொல்ல வேண்டும்.

தொட்டிக் கொட்டகையில் நெருப்பு கூடாது. பீடிக்காரர்கள் ரோட்டுக்குப் போய்த்தான் குடிப்பார்கள். உள்ளே நெருப்பு வருவது ஒரே ஒரு வேளை, காலையில் பெரியம்மா கற்பூரத் தட்டோடு வந்து ஒவ்வொரு தொட்டிக்கும் காட்டும்போது. அதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. இரண்டு பக்கக் கதவையும் திறக்க வேண்டும். தொட்டி மேல் இருக்கிற பலகையையும் ஈரச் சாக்கையும் எடுத்துவிட வேண்டும். பிறகு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பெரியம்மா வெளியே கல்லில் உட்கார்ந்து ஒரு வாய் வெற்றிலை போடுவார். மென்று முடித்துத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுவார். ராத்திரி தொட்டி மேல் ஆத்தா படுத்திருக்கிறாள், எழுந்து போக அவளுக்கு வழி விட வேண்டும், அவள் போன பிறகுதான் தீபம் காட்ட வேண்டும் என்று அந்த வீட்டில் சொல்வார்கள். கதவு திறப்பதும் பலகை எடுப்பதும் மருமகள் வேலை.

சின்னம்மா கொட்டகையிலும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். தொட்டிக்குக் கட்டுகிற வேப்பிலைத் தோரணம், தெளிக்கிற மஞ்சள் தண்ணீர், அடிக்கிற மணி. எதை விட்டாலும் கல் பச்சையாகத்தான் பிடித்தது. மிச்சம் இருந்தது ஆத்தாவுக்கு வழி விடுவதுதான்.

அது ஐப்பசி. அடைமழை. சாரல் அடிக்கிறது என்று கதவுகளை இறுக்கிச் சாத்தி, தொட்டிகளுக்குச் சாக்கு இரண்டாகப் போட்டிருந்தோம். நான் கொட்டகை வாசலில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் கூடை கழுவிக்கொண்டிருந்தேன். திராவகம் பட்டால் கழுவுவதற்கென்று எப்போதும் நிரப்பி வைத்திருக்கிற தொட்டி அது. பெரியம்மா மழைக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்.

"எல்லாம் தொறந்து வுட்டியாம்மா? வழி வுட்டாச்சா?"

"ஆச்சு அத்த" என்று உள்ளேயிருந்து சின்னம்மா குரல் கொடுத்தாள்.

திறந்து நேரமாகிவிட்டது, மழைக்காகத்தான் கதவை மறுபடி சாத்தியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பெரியம்மா, வெற்றிலைகூடப் போடாமல், வாசலிலேயே கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். அவர் முதல் தொட்டிக்கு எதிரே தட்டைத் தூக்கவும், சின்னம்மா பலகையைத் தூக்கவும் சரியாக இருந்தது.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு தொப். பலகை எகிறிக் கூரையில் இடித்தது. தொட்டியில் இருந்தது வாரி அடித்தது. இரும்பு திராவகத்தில் கரையும்போது ஒரு காற்று கிளம்பும், அது நெருப்பைக் கண்டால் வெடிக்கும் என்று பின்னாளில் படித்தவர்கள் எனக்குச் சொன்னார்கள். அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. நான் உள்ளே ஓடினேன். சின்னம்மா புருவம் இரண்டும் கருகிப்போய்ப் பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா கழுத்தையும் கையையும் பிடித்துக்கொண்டு சுற்றினார். அவரைத் தொட எனக்கு உரிமை உண்டா இல்லையா என்றெல்லாம் யோசிக்கவில்லை. இடுப்பில் கை கொடுத்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வாசல் தொட்டித் தண்ணீரில் போட்டேன். எழுந்திருக்க எழுந்திருக்க அமுக்கினேன். "கொல்றாளே, கொல்றாளே" என்று கத்தினார். கத்தட்டும் என்று அமுக்கினேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே தண்ணீரில் போட்டதால் கண் தப்பியது என்றார். வலது கையும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. கூடத்தில் கட்டிலைப் போட்டு வாழையிலை விரித்துப் படுக்கவைத்தார்கள். விசிற என்னை வைத்துக்கொண்டார்கள். ராத்திரி பகலாக அவர் முனகுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சின்னம்மா மேல் கோபம்தான். அவள் கஞ்சி கொண்டுவந்து வைத்தால் வாங்கிக்கொள்வேன். முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அதற்குள் பெரியவர் திருக்கோவிலூருக்கு ஆள் அனுப்பிவிட்டார். அவள் அண்ணன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தம்பிக்கு வேறு பெண் பார்த்துக்கொள்வார். பக்குவம் வெளியே போகாமல் இருக்க இவளிடம் புதுச் சத்தியம் ஒன்று வாங்கிக்கொள்வார். சின்னவரைக் கேட்டதற்கு, "அம்மா சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சின்னம்மா தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கூடத்துச் சுவரோரம் வைத்துவிட்டாள். யாரும் அவளைக் கட்டச் சொல்லவில்லை.

பெரியம்மாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்த அன்று பெரியவர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, நீ ஒரு வார்த்த சொல்லு. திராவகம் பொழங்கற எடத்துல மறதிக்காரிய வெச்சுக்கினு குடும்பம் பண்ண முடியாது. இன்னைக்கி உன் கை. நாளைக்கி யாரு தலையோ."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நானே தலையாட்டினேன்.

பெரியம்மா சின்னம்மாவைக் கூப்பிட்டார். அவள் வந்து கால்மாட்டில் நின்றாள். புருவம் இல்லாத முகம் பார்க்க என்னமோ மாதிரி இருந்தது.

"ஏம்மா, வழி வுடறத மறந்துட்டியா?"

கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. ஆமா அத்த, மறந்து பூட்டேன் என்று சொல்லிக் காலைப் பிடித்துக்கொண்டால் போதும். பெரியம்மா மன்னித்துவிடுவார். அத்தனை வருஷமாக மன்னித்ததுதானே. அந்த ஒரு வார்த்தைக்காகக் கட்டிலில் இருந்தவர் காத்திருந்தார். விசிறியை நிறுத்திவிட்டு நானும் காத்திருந்தேன். அவள் சுவரோரம் இருந்த மூட்டையை ஒரு தரம் பார்த்தாள்.

"மறக்கல அத்த" என்றாள். "வுட்டுப் பாத்தேன்."

"கேட்டியா? கேட்டியாம்மா?" என்று பெரியவர் எகிறினார். "வேணுமின்னே பண்ணியிருக்கா! பெத்தவள எரிச்சுப் பாத்திருக்கா!"

"நீ சும்மா இருடா" என்றார் பெரியம்மா. தலையைச் சின்னம்மா பக்கம் திருப்பினார். பிறகு, "கிராம்பு?" என்றார். "அதுவும் மறதியில்லியா?"

"இல்ல அத்த."

"வேற இன்னா இன்னா வுட்ட?"

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. திருநீறு, வேப்பிலை, வசம்புக் கரி, தோரணம், மஞ்சள் தண்ணீர், மணி. ஒவ்வொன்றுக்கும் பெரியம்மா, "வுட்டா?" என்று கேட்டார். இவள், "ஒண்ணும் ஆவல அத்த" என்றாள்.

"மலை மண்ணு?"

"அத நான் போட்டே ரொம்ப நாளாவுது."

"மை?"

"நல்லாத்தான் இருக்குது."

பெரியம்மாவுடைய முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அழப்போகிறார் என்று நினைத்து நான் குனிந்தேன். "அந்த மண்ணச் சலிச்சுச் சலிச்சுத்தாண்டி எம் முதுகு போச்சு" என்றார். "வந்த அன்னிக்கே எனக்கும் கேக்கணும்னு இருந்திச்சு. மண்ணு எதுக்குன்னு. கேக்கல." பார்த்தால், சிரிக்கிறார். சிரித்ததில் கழுத்துப் புண் இழுத்து ஸ்ஸ் என்று பல்லைக் கடித்தார். மறுபடி சிரித்தார்.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பெரியம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். "அப்ப தொட்டி மேல ஆத்தா? அவ இருக்கறாளா, இல்லியா?"

சின்னம்மா இல்லை என்று சொல்லியிருந்தால் நானே அவளை அடித்திருப்பேன்.

"ஏதோ ஒண்ணு இருக்குது அத்த" என்றாள். "இன்னான்னு தெரியல. வழி வுடலன்னா அடிக்குது."

அவள் பார்வை கட்டிலில் இருந்த வெந்த கையின் மேல் இருந்தது. "உங்க கையில அடிக்கும்னு தெரியாது அத்த. என் கையில தட்டு இருந்திருக்கணும்."

பெரியம்மா பெரியவர் பக்கம் திரும்பினார். "அவ அண்ணனுக்கு ஆளு அனுப்பனியே, வந்தா கோழி அடிச்சுச் சோறு போட்டு அனுப்பு. தங்கச்சியப் பாக்க வந்தான்னு இருக்கட்டும்."

"அம்மா..."

"அந்த மூட்டயப் பிரிச்சு உள்ள வெக்கச் சொல்லு. கண்ண உறுத்துது."

பெரியவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். பெரியம்மா நல்ல கையால் சின்னம்மாவைக் கிட்டே கூப்பிட்டார். அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் எதையாச்சும் வுட்டுப் பாக்கணும்னு இருக்குதா?"

சின்னம்மா தயங்கித் தயங்கித் தலையை ஆட்டினாள்.

"பாரு. ஆனா இனிமே எங்கிட்ட சொல்லிட்டு வுடு. நானும் வந்து தூரமா நின்னு பாக்கறேன்." பிறகு என்னைக் காட்டி, "இவளயும் கூப்புட்டுக்கோ" என்றார். "தூக்கித் தண்ணியில போட ஒரு ஆளு ஓணும்."